அட்டவணை நான்கு

பதினொரு மணிக்குத் தாட்சாயணியின் ஆய்வேட்டுக் கருத்தரங்கு. பத்தேகாலுக்கே சாய்குமார் திருப்பதிக்கு வந்து, பல்கலைக்கழக வராந்தாவில் அவளை மறித்துக்கொண்டு நின்றான்.

"இன்னா மேடம், சௌக்கியமா?"

ஆந்திர எல்லைக் கிராமமான பாலசமுத்திரத்தில் அவளுக்குப் பக்கத்துத் தெருக்காரன். போன வருஷம் வரை அக்கா என்று கூப்பிட்டவன்.

ஆறு வருஷமாக அவள் ஆராய்ந்தது ஒன்றைத்தான்: எல்லையோர ஆட்டக்காரர்களைப் பேப்பரின் விளையாட்டுப் பக்கங்கள் எந்த ஊர்க்காரர்களாக எழுதுகின்றன? அதற்கு வாகாகக் கிடைத்தவன் இவன். சித்தூர் பக்கம் கபடி ஆடினால் தெலுங்குப் பேப்பரில் 'சித்தூர்ப் புலி சாய்குமார்'. அடுத்த ஞாயிறு திருத்தணிப் பக்கம் ஆடினால் தமிழ்ப் பேப்பரில் 'திருத்தணி மண்ணின் மைந்தன் குமார்'. எல்லைக் கிராமத்தில் இது வழக்கம்தான். எந்தப் பக்கத்து டீம் கூப்பிட்டாலும் போய் ஆடிவிட்டு வருவார்கள். அவன் அம்மா ரத்தினம்மா இரண்டு பேப்பரையும் வெட்டி ஒரே நோட்டில் ஒட்டிவைத்திருந்தாள். தாட்சாயணி அந்த நோட்டை வாங்கிவந்து, தேதிவாரியாக அட்டவணை போட்டு, கட்டுரையாக அச்சேற்றினாள்; ஆய்வேட்டில் அதுதான் நான்காம் அட்டவணை. எதிர் டீம்காரன் எவனோ அதை ஜெராக்ஸ் எடுத்து, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கான்ஸ்டபிள் எடுக்கிற இடத்தில் கொடுத்துவிட்டான். இரண்டு மாநிலத்துக்கு ஆடியவன் என்று, அங்கே மனுப் போட்டிருந்த சாய்குமாரின் பைலை நிறுத்திவிட்டார்கள்.

"ஒரு லெட்டர் குடு. அந்தக் குமாரு வேற ஆளு, நான் தப்பா எழுதிட்டேன்னு. இன்னியோட கெடு முடியுது."

"அப்படிக் குடுத்தா என் தீசிஸ்ல இன்னாடா மிஞ்சும்?"

"மத்தவங்க பேரெல்லாம் மாத்திப் போட்டிருக்கியாமே. என் பேர மட்டும் ஏன் மாத்தல?"

"பேர் வந்தா நீ சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன்."

"எங்கம்மாவும் அப்டி நெனச்சிக்கினுதான் உனக்குக் காப்பி போட்டுக் குடுத்துது."

அவள் அறைக் கதவுப் பக்கம் நகர்ந்தாள். அவன் விடவில்லை.

"உங்க ஊட்ல ரேஷன் கார்டு எத்தினி? பாலசமுத்திரத்துல ஒண்ணு, அந்தாண்ட தமிழ்நாட்டுப் பள்ளிப்பட்டுல ஒண்ணு. அத்த எந்த அட்டவணைல போட்ட மேடம்?"

வழிகாட்டிப் பேராசிரியர் ரங்கையா கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார். ஒரிஜினல் கட்டிங்குகள் கையில் இருக்கின்றனவா என்று தெலுங்கில் கேட்டார். இருக்கின்றன என்று தலையசைத்தாள். அவர் உள்ளே போனார்.

தாட்சாயணி ஜன்னல் கட்டையில் காகிதத்தை வைத்து நாலு வரி எழுதினாள். எழுதவைத்தது நியாயமா, ரேஷன் கார்டு பயமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. கையெழுத்து மட்டும் சுத்தமாக விழுந்தது.

அவன் இரண்டு தடவை படித்தான். அப்புறம் கையை நீட்டினான். "நோட்டு."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை இடுப்பில் செருகிக்கொண்டான். "இனிமே எங்க ஊட்டாண்ட பேனாவத் தூக்கிக்கினு வராதே."

படியிறங்கிப் போனவன் திரும்பியே பார்க்கவில்லை.

உள்ளே ஐந்து பேர் காத்திருந்தார்கள். ரங்கையா ஆய்வேட்டைப் புரட்டி நான்காம் அட்டவணையில் விரலை வைத்தார். "இதிலிருந்தே ஆரம்பி. கட்டிங்ஸ் எங்கே?"

"அந்த அட்டவணை தப்பு சார். நீக்கிடறேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அப்போ ஆறு வருஷமா இங்கே என்னம்மா செஞ்சே?"