நம்ம வருஷமா, அவங்க வருஷமா

அமெரிக்க லாட்டரி விசாவில் என் பெயர் விழுந்தது. என் கணவன் அஸ்ராத் ஆடு வெட்டினான். எங்கள் ஊர் தெஸ்ஸியில் சந்து முழுவதும் வந்து சாப்பிட்டது.

வருடா வருடம் இரண்டு மனு போடுவோம். அவன் பெயரில் ஒன்று, என் பெயரில் ஒன்று. எது விழுந்தாலும் இருவரும் போகலாம். மனுவில் துணையின் பெயர் இருக்க வேண்டும். எனக்கு ஆங்கிலம் தெரியாது. நிரப்புவது அஸ்ராத். முக்காட்டை எடுத்துவிட்டுப் படத்துக்கு உட்காருவது நான்.

பெயர் விழுந்தால் மட்டும் போதாது. அடுத்த படிவத்தை நிரப்ப ஹயாத்தின் இன்டர்நெட் கடைக்குப் போனோம்.

"பிறந்த வருஷம் எதுல போட்டீங்கண்ணா? நம்ம வருஷமா, அவங்க வருஷமா?" என்றாள் ஹயாத். "போன மாசம் ஒருத்தர் நம்ம கணக்குல போட்டுட்டார். நம்ம நாள்காட்டி எட்டு வருஷம் பின்னாடி இல்லையா, எட்டு வயசு ஏறிடுச்சு. தூதரகத்துல நீ யாருப்பான்னு கேட்டு அனுப்பிட்டாங்க."

"அவங்க வருஷம்தான். நான் என்ன முட்டாளா?"

"அவரும் இதத்தான் சொன்னார். போட்ட மனுவோட நகல் இருக்கா?"

"அதெல்லாம் எதுக்கு?" என்றான் அஸ்ராத்.

"ஏங்க பயப்படுறீங்க? ரெண்டும் கொண்டுவந்திருக்கேன்" என்றேன். அனுப்பும் முன் அச்சடித்தவை. அவன் கை நீட்டுவதற்குள் கொடுத்துவிட்டேன்.

ஹயாத் விரல் வைத்துப் படித்தாள்.

"தேதியெல்லாம் சரி. அண்ணா, உங்க மனுவுல அக்காவக் காணோமே?"

"காணோம்னா?" என்றேன்.

"கல்யாணம் ஆகலைன்னு இருக்குக்கா."

அஸ்ராத் சிரித்தான். "அவசரத்துல மாத்தி அழுத்தியிருப்பேன்."

"அக்கா மனுவுல உங்க பேரு, போட்டோ எல்லாம் சரியா இருக்கே."

"நீ உன் வேலையப் பாரு, புள்ள."

இரண்டையும் ஒரே நாளில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்துதான் நிரப்பியிருந்தான். நான் பக்கத்தில் அவனுக்குக் காபி பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஸெனு, நான் போய் உன்னக் கூப்பிட்டிருப்பேன்."

"கல்யாணமே ஆகாதவன் நீ. யாரக் கூப்பிடுவே?"

அவனை நான் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ஹயாத் திரையைப் பார்த்து மெல்லப் படித்தாள்.

"கணவர் உங்களோட வர்றாரான்னு கேட்டிருக்கு. ஆமாவா, இல்லையாக்கா?"

அஸ்ராத் என் தோளில் கை வைத்தான். "ஆமான்னு போடு, ஹயாத்."

அவள் அழுத்தவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இல்லங்கறது எது?" என்றேன். "காட்டு. நானே அழுத்துறேன்."

காட்டினாள்.