ஜெபச் சீட்டு

பதினேழு வருடம் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தவள், நாற்பத்தோரு வயதில், ஆண்டவர் கூப்பிடுகிறார் என்று சொல்லி ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நின்றால் எந்த அண்ணன்தான் சும்மா இருப்பான்? "கூப்பிட்டாரா? எந்த நம்பர்ல இருந்து?" என்று கேட்டான். கடல் தாண்டிப் போய் ஸ்பானிஷ் படித்து, அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் ஊழியம் செய்யப் போகிறாள் என்று தெரிந்ததும் குரல் இன்னும் ஏறியது. "இங்க வயசானவங்களுக்குப் பஞ்சமா? அந்த பாஷையில ஆமான்னு சொல்றதுக்கே 'சீ'ன்னுதான் சொல்லணுமாம். வர்றவங்க போறவங்களையெல்லாம் சீ சீன்னு சொல்லிக்கிட்டுத் திரியப் போறியா?"

அண்ணிதான் வாசல் வரை வந்து பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாள். "போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணு. அவர் கெடக்குறாரு" என்றாள்.

பழைய வார்டில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: சரிம்மா சிஸ்டர். வீட்டுக்குப் போகணும் என்று நோயாளி அடம்பிடித்தால், "சரிம்மா, போலாம்." மகன் வருவானா என்று கேட்டால், "வருவாரும்மா." பெரிய டாக்டரை இப்பவே கூப்பிடு என்றால், "சரிம்மா, இதோ." இதைப் பொய் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அது மாத்திரைக்கு முன்னால் கொடுக்கிற மாத்திரை என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும், படுத்திருப்பவருக்கும் தெரியும்.

புதிய இடத்தில் காலையில் மொழி வகுப்பு. அவள் வயதில் பாதிகூட ஆகாத பிள்ளைகள் ஒரு வினைச்சொல்லை ஆறு விதமாக மாற்றி மாற்றி ஒப்பிப்பார்கள். இவள் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டவள் போல உட்கார்ந்திருப்பாள். வேண்டிய நேரத்தில் வார்த்தை தானாக வாயில் வந்து விழும் என்று நம்பி விமானம் ஏறியவள் அவள். ஒன்றும் விழவில்லை. முதல் பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது ஆசிரியை அவள் முகத்தைப் பார்க்காமலே அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

மதியம் இல்லத்துக்குப் போனால்தான் அவளுக்கு உயிர் வரும். நீளமான கூடம், இரண்டு வரிசைக் கட்டில், எப்போதும் சோப்பு வாசனை. படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்கவும், வெந்நீரில் துணி நனைத்துத் துடைக்கவும், சூப் ஊட்டும்போது புரையேறாமல் தலையை முன்பக்கம் சாய்த்துப் பிடிக்கவும் எந்த மொழி வேண்டும்? கை பாட்டுக்குக் கை வேலை செய்தது. வாய்க்கு, அண்ணன் கேலி செய்த அந்த ஒரே சொல் போதுமாக இருந்தது. யார் என்ன சொன்னாலும் நெற்றியைத் தடவி, "சி, சி" என்பாள். இல்லத்தில் எல்லோருக்கும் அவளைப் பிடித்துப்போனது.

ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவள் ஒரு காலத்தில் தையல்காரி. இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டாள். விரல்கள் மட்டும் ஓய்வதில்லை; போர்வையின் ஓரத்தை மடித்து மடித்து, இல்லாத ஊசியால் தைத்துக்கொண்டே இருக்கும். தனக்கு யாருமே இல்லை என்று சேரும்போதே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தவள். வேலையாட்களிடம் மூஞ்சி கொடுத்துப் பேசமாட்டாள். ஆனால் இந்த வெளிநாட்டு நர்ஸ் வந்த இரண்டாவது வாரம், சுற்றிலும் பார்த்துவிட்டு, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து மூடினாள். ஒரு பெயர், கீழே ஒரு போன் நம்பர். தணிந்த குரலில் என்னவோ சொன்னாள். கண்ணில் நீர் நின்றது.

நர்ஸுக்கு அந்தச் சீட்டைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்று நினைத்தாள். அவளுடைய சபையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் இப்படித்தான் சீட்டு வரும். யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ அவர் பெயர், கீழே போன் நம்பர். உண்டியல் பையோடு சேர்த்து வசூலித்து, ஜெபக் குழு ஆளுக்குப் பத்தாகப் பிரித்துக்கொள்ளும். நம்பரை யாரும் கூப்பிடுவதில்லை. பெயரை ஆண்டவரிடம் சொல்வதுதான் வேலை. அவளும் சீட்டை வேதப்புத்தகத்துக்குள் வைத்து, தினமும் காலையில் வகுப்புக்குப் போகுமுன் முழங்காலில் நின்று, அந்த முன்பின் தெரியாத பெயருக்காக மனமுருகி ஜெபித்தாள். அதிலே ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

அன்றிலிருந்து மாலை நான்கு மணிக்குத் துடைத்து முடித்ததும் தையல்காரி ஏதோ கேட்பாள். இவள், "சி" என்பாள். அவள் முகம் மலர்ந்து இன்னொன்று கேட்பாள். இவள் இன்னும் அழுத்தி, "சி, சி" என்பாள். முதல் மாதம் தையல்காரி, பார்வையாளர்கள் வரும் சனிக்கிழமைகளில் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் மாதம் அதை நிறுத்திவிட்டாள். ஐந்தாம் மாதம் கேள்வியே குறைந்துபோனது. வயசாகிறது, தளர்ந்துவிட்டாள் என்று இவள் கூடுதலாக ஐந்து நிமிடம் ஜெபித்தாள்.

ஆறாம் மாதம் ஒரு வியாழக்கிழமை, முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருக்கும்போது, அடைத்திருந்த காது சட்டென்று திறந்தது போல, தையல்காரி பேசுவது சொல் சொல்லாக விளங்கியது. முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். புரிகிறதே! இத்தனை மாதம் முட்டி மோதியதற்குப் பலன் கிடைத்துவிட்டதே!

"இனிமே என் பையனைக் கூப்பிடாதம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள் தையல்காரி. "நீயும் எத்தனை தடவைதான் கூப்பிடுவ? வர்றேன்னு உங்கிட்ட வாய் வார்த்தைக்குச் சொல்றான். வரமாட்டான். எட்டு வருஷம் முன்னாடி நான்தான் வெளியே போடான்னு துரத்துனேன். நான் கூப்பிட்டா வருவான்னு நினைச்சேன். விட்டுடு. என்னைப் பெத்த தாயா இருந்தாக்கூட இவ்வளவு பண்ணியிருக்க மாட்டா."

பவுடர் டப்பா கையிலிருந்து நழுவியது. 'சொன்னியா?' சி. 'வர்றேன்னானா?' சி, சி. ஐந்தரை மாதமாகத் தினமும் நான்கு மணிக்கு அவள் அந்தக் கிழவியின் மனதில் இருந்த மகனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றிருக்கிறாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பவுடரைக் கூட்டி அள்ளிக்கொண்டு நழுவினாள். அவன் வந்து எதிரே நின்றால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று மனக்கணக்கு போட்ட கோழைத்தனம் அது. பொறுப்பாளர் அறையிலிருந்த போனில் நம்பரை அழுத்தினாள். மூன்றாவது மணியிலேயே ஒருவன் எடுத்தான். உடைந்த ஸ்பானிஷில் இன்னார், இன்ன இடம், உங்களைக் கூப்பிடுகிறார்கள் என்றாள்.

"அம்மா உயிரோட இருக்காங்களா?" என்றான். "கூப்பிட்டாங்களா? என்னையா? நிஜமாவா?"

சனிக்கிழமை வந்தான். ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பொத்தானை ஒரு துளை மாற்றிப் போட்டிருந்தான். கையில் பழப் பை. தையல்காரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அழவில்லை, திட்டவும் இல்லை. "உட்காரு. வேலை அதிகமோ?" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரிப்பது போலக் கேட்டாள்.

"அம்மா, வியாழக்கிழமைதான் எனக்கே தெரியும். சத்தியமா சொல்றேன்."

"இந்தப் பொண்ணு ஆறு மாசமா உன்னைக் கெஞ்சிக்கிட்டிருக்கா. அவ முன்னாடியே பொய் சொல்றியே, கூச்சமா இல்லையா?"

சிஸ்டர் கட்டிலருகே முழங்காலிட்டாள். வெள்ளிக்கிழமை முழுவதும் அகராதியை வைத்து எழுதி, நெட்டுருப் போட்டு வந்ததைச் சொன்னாள். "நான் கூப்பிடவே இல்லைம்மா. நீங்க பேசினது எனக்கு எதுவும் புரியல. புரியாமலே ஆமா ஆமான்னு சொன்னேன். உங்க பையன் மேல தப்பில்லை. தப்பு என்னோடது." வாழ்க்கையில் முதல்முறையாக ஸ்பானிஷில் ஒரு பிழைகூட இல்லாமல் பேசினாள்.

தையல்காரி அவள் தலையை வருடினாள். "பாருடா" என்றாள் மகனிடம். "உன்னைக் காப்பாத்துறதுக்காகப் பழியைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறா. எவ்வளவு அழகாப் பேசுறா, இவளுக்கா புரியாது? யார் பெத்த பொண்ணோ. இவ என் வயித்துல பொறந்திருக்கக் கூடாதா?"

"அம்மா, இல்லைம்மா, நான் சொல்றது நிஜம்" என்று அவள் மறுபடி ஆரம்பித்தாள். தையல்காரி புன்னகையோடு கண்ணை மூடிக்கொண்டாள்.

மகன் பழப் பையை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தான். சிஸ்டர் வராந்தாவில் ஓடிப்போய் அவன் முன்னால் நின்றாள். நெட்டுருப் போட்டதெல்லாம் தீர்ந்துவிட்டது. அழுகைதான் வந்தது. "நான் பொய் சொல்லலைங்க" என்று தமிழிலேயே சொன்னாள், பிறகு தட்டுத்தடுமாறி அவன் மொழியில் சொன்னாள்.

அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை. தப்பாகப் போட்ட பொத்தானைக் குனிந்து பார்த்து, கழற்றிச் சரியாகப் போட்டுக்கொண்டான்.

"நீங்க சொல்றதை நான் நம்புறேன், சிஸ்டர்" என்றான். "நான் நம்பி என்ன ஆகப்போகுது?"