அஞ்சாம் நம்பர்

2008 ஜனவரி 20, ஞாயிற்றுக்கிழமை, குரோம்பேட்டை மண்டபம் ஒன்றில் ஃபாயிசாவுக்கும் பள்ளிக்கரணை அஸ்கருக்கும் நிச்சயம் நடந்தது. நிக்காஹ் பிப்ரவரி 10 என்று முடிவாயிற்று.

அடுத்த வாரம் ஷெர்வானிக்கு அளவு வாங்க, பெண்ணின் தாய் அக்தர் பேகம் தன் தம்பி ஷாகுலுடன் அஸ்கரின் ஏசி ரிப்பேர் கடைக்குப் போனாள். அவன் முதுகைக் காட்டியபடி செல்போனில் பேசிக்கொண்டிருந்தான்.

“ஏழு வேணாம் மச்சான், எப்பவும் ஜனம். அஞ்சுல போடு. அங்க யாரும் கண்டுக்க மாட்டாங்க. ஃபாயிசாகிட்ட மூச்சு விட்டுடாத.”

அக்தர் பேகம் வாசலோடு திரும்பிவிட்டாள். கடை இருந்த நகரில் தெருக்களுக்கு எண்தான் பெயர். ஏழாவது தெருவில் கடைகள், ஆட்டோ ஸ்டாண்டு. ஐந்தாவது தெரு சதுப்பு நிலத்தை ஒட்டியது. பகலிலேயே ஆள் நடமாட்டம் இருக்காது.

“தனியா வூடு எடுத்து வெச்சிருக்கான்டா.”

“அவசரப்படாதேக்கா. அவர்கிட்டயே கேட்டுடலாம்.”

“கேட்டா ஆமான்னு சொல்லிடுவானா?”

ஐந்தாவது தெரு முனையில் பச்சையம்மா தள்ளுவண்டியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஏசி அஸ்கரா? ஓவியா டீச்சர் வூட்டாண்ட வண்டி நிக்கும். போன வாரம்கூட ரெண்டு தபா வந்துச்சே. இன்னா விஷயம்?”

“டீச்சர் வீட்டுல யார் யாரு?”

“தனியாத்தான் கீது, பாவம்.”

அது போதுமாயிருந்தது. கதவைத் திறந்த டீச்சரிடம் அக்தர் பேகம் சுற்றி வளைக்கவில்லை.

“என் மருமகன் உங்களுக்கு என்ன வேணும்?”

டீச்சர் முதலில் விழித்தாள். புரிந்ததும், “புது ஏசி மாட்ட வந்தாரும்மா! வேற என்ன நினைச்சீங்க?” என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

ஷாகுல் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட, சாயங்காலம் அஸ்கர் குரோம்பேட்டையில் பெண் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை. மேசைமேல் ஒரு தாளை வைத்தான், தேனிலவுக்கு அறை பதிவு செய்த ரசீது. அந்தமானில் ஹேவ்லாக் தீவு. கூட்டம் போவது ஏழாம் நம்பர் கடற்கரைக்கு. அறை போட்டிருந்தது ஐந்தாம் நம்பர் கிராமத்தில். தங்குபவர்கள்: அஸ்கர், ஃபாயிசா.

அக்தர் பேகம் தாளைத் திருப்பியும் பார்த்தாள்.

“ஊருக்கு எவனாவது நம்பர் வைப்பானா?”

“தெருவுக்கு நாம வைக்கலையா மாமி?”

“சரி. ஏசி மாட்ட ரெண்டு தடவை எதுக்கு?”

அவன் ஃபாயிசாவைப் பார்த்தான். அவளும் பதிலுக்காகக் காத்திருந்தாள். அவன் தாளை மடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

பிப்ரவரி 3ஆம் தேதி அஸ்கரின் அம்மா நிச்சயப் புடவையைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினாள். நிக்காஹ் நடக்கவில்லை.