பேர் எழுத வேண்டாம்

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த கல்யாண மண்டபத்தில் நாற்பத்திரண்டு அங்கன்வாடி டீச்சர்கள் காலை ஒன்பது மணியிலிருந்து காத்திருந்தார்கள். பயிற்சி கொடுக்க வேண்டியவரின் ரயில் அரக்கோணத்தில் நின்றுவிட்டதாம். பிரிஸில்லா கடைசி வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மையத்தில் ஆயா வேலை இரண்டு வருஷமாகக் காலி. சமைப்பதும் அவள்தான், பாடம் சொல்வதும் அவள்தான். சும்மா உட்காரக் கிடைத்ததே பெரிய பாக்கியமாக இருந்தது.

பதினொரு மணிக்கு வந்த பரணிதரன் சென்னைத் தொண்டு நிறுவனத்துக்காரர். தன்மையாகப் பேசினார். திரையில் வெளிநாடுகள் வந்தன. பின்லாந்தில் ஏழு குழந்தைகளுக்கு ஒரு டீச்சர். ஜப்பானில் ஒருத்தி பாடம் நடத்த, மற்ற டீச்சர்கள் சுவரோரம் நின்று குறிப்பெடுத்தார்கள். நியூசிலாந்தில் வட்டமாக உட்கார்ந்து அவரவர் தப்பைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லார் கையிலும் காபி.

"அங்க தப்பைச் சொன்னா யாரும் திட்டமாட்டாங்க. அதுலருந்துதான் கத்துக்கிறாங்க," என்றவர் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தார். "மனசை உறுத்துற ஒரு நாளை எழுதுங்க. பேர் எழுத வேணாம்."

அடுத்த ஊர் மையத்து டீச்சர் சுஜாதா, ஒரு நாள் பாட்டு மறந்துவிட்டது என்று இரண்டு வரி எழுதி மடித்துவிட்டாள். பிரிஸில்லா பக்கம் முழுக்க எழுதினாள். வெளியே சமையல் கொட்டகையில் நான் சாம்பார் இறக்கும்போது மூன்று வயது ஆல்பின் தெருவுக்குப் போய்விட்டான். ரயில்வே கேட் வரைக்கும் போனவனைப் பூக்காரி ஒருத்தி தூக்கிவந்தாள். அன்றிலிருந்து அடுப்பு எரியும் நேரத்தில் பிள்ளைகளை உள்ளே விட்டு வெளியே தாழ்ப்பாள் போடுகிறேன். உள்ளே அழுகிறார்கள். நான் சோறு வடிக்கிறேன்.

யாரிடமும் சொல்லாததை எழுதி முடித்ததும் அவளுக்கு நெஞ்சு லேசானது. பரணிதரன் தாள்களைக் கட்டி, நன்றி சொல்லி, மேற்பார்வையாளர் சந்திராவிடம் கொடுத்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார்.

அடுத்த வாரம் சந்திரா அந்தத் தாளோடு மையத்துக்கு வந்தாள்.

"இன்னாம்மா எழுதி வச்சிகிறே?"

"பேர் வேணாம்னு சொன்னாரே மேடம்."

"பேர் போடல. மைய நம்பரை எதுக்குப் போட்டே?"

பிரிஸில்லா பார்த்தாள். வலது மூலையில் அவள் கையெழுத்திலேயே இருந்தது. முட்டைக் கணக்கோ லீவு லெட்டரோ, பதினாறு வருஷமாக எந்தத் தாளிலும் முதலில் அதைத்தான் எழுதுவாள்.

"கை தன்னால போட்டுடுச்சி மேடம்."

"மேல வரைக்கும் போயிடுச்சி. புள்ளைங்கள உள்ள வச்சித் தாப்பா போட்டா சும்மா வுடுவாங்களா?"

"ஆயா வேணும்னு ஏழு தபா எழுதிக் குடுத்தேனே."

"அதெல்லாம் இதுல வராதும்மா. கையெழுத்து போடு." சந்திரா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் நீட்டிய உத்தரவில், விசாரணை முடியும்வரை வேலைக்கு வரக்கூடாது என்றிருந்தது. பிரிஸில்லாவுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. முட்டை வெந்திருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய் உரித்தாள்.

திங்கட்கிழமை பொறுப்பேற்க வந்தது சுஜாதா.

"ரெண்டு மையமும் நானே பாக்கணுமாம்க்கா. அங்க முடிச்சிட்டு இங்க ஓடியாரணும்."

"அங்க ஆயா?"

"அங்கயும் காலிதான்."

பிரிஸில்லா பதிவேடுகளையும் சாவியையும் கொடுத்தாள். பாயில் பதினெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். சுஜாதா அவர்களைப் பார்த்தாள், வெளியே கொட்டகையைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா, இந்தத் தாப்பா சரியா வுழுமா?"

பிரிஸில்லா அவளை வெளியே கூட்டிவந்து கதவைச் சாத்தினாள்.

"கொஞ்சம் தூக்கிப் போடணும். இல்லன்னா தள்ளுனா தொறந்துக்கும்," என்று போட்டுக் காட்டினாள்.

உள்ளே பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள்.