தேத்தண்ணி கொடுக்காத வீடு

இலண்டனில் வாண்டில் ஆற்றுச் சேற்றிலிருந்து சுமேரியர் ஒருவர் எழும்பி வந்தது கோலியர்ஸ் வுட்டில் குப்பை எடுக்கும் நாளில் என்பதால், கவுன்சில் ஆள் என்று நினைத்து அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தலையும் முகமும் மழுங்கச் சிரைத்து, இடுப்பில் ஆட்டுமயிர்ப் பாவாடை கட்டியிருந்தார். பெயர் லூநன்னா. யூப்ரதீஸ் கரையில் சந்திரனுடைய கோயிலுக்குச் சிலை செதுக்கியவர். திரும்பிப் போக நாடே இல்லை என்று அவர் சைகையால் சொன்னபோது, எங்கள் சனத்துக்கு அதை விளக்கவேண்டி இருக்கவில்லை. கோயில் தலைவர் செல்வரத்தினம் தன் கராஜைக் கொடுத்தார். அங்கே லூநன்னா பார்லி ரொட்டி சுட்டார், பார்லியில் பியர் காய்ச்சினார். உமி வாய்க்குள் போகாமல் அதைப் பானையிலிருந்து நாணல் குழாயால் உறிஞ்சிக் குடிப்பது அவர்கள் வழக்கம். கோயில் கமிட்டிக்காரருக்குப் பண்டைய வரலாற்றில் இவ்வளவு ஈடுபாடு இருந்தது அந்த ஆண்டில்தான் தெரியவந்தது. பின்னேரமானால் எல்லாரும் கராஜில், ஆளுக்கொரு குழாயுடன் இருந்தார்கள்.

தங்கள் கடவுளை விடியற்காலையில் எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பாடு வைப்பார்கள் என்று அவர் கராஜில் பழகிய தமிழில் சொன்னதும், இவர் தமிழர்தான் என்று கமிட்டி ஒருமனதாகத் தீர்மானித்தது. மேற்கொண்டு ஆராய யாருக்கும் நேரமில்லை. ஆனால் அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் சனத்தைக் கண்கலங்க வைத்தது. சுமேரியரும் வேலைக்குப் போகிற சனம்தான். வயல், வாய்க்கால், செங்கல் சூளை என்று ஓய்வில்லை. அதனால் தன்னைப்போல ஒரு சிலை செய்வித்து, கைகளை நெஞ்சில் கோத்து, கண்களை அகல விரித்து, கடவுள் முன்னால் நிறுத்திவிட்டுப் போய்விடுவார்களாம். சிலை கும்பிட்டால் ஆள் கும்பிட்ட மாதிரி. இலண்டன் வந்த நாளிலிருந்து நாங்கள் தேடிக்கொண்டிருந்தது இதைத்தான்.

ஆறு மாதத்துக்குள் கோயில் லூநன்னா செதுக்கிய எங்கள் சிலைகளால் நிரம்பியது. ஐயர் சிலையின் நெற்றியில் திருநீறு பூசினால், ஷிப்டில் நின்றவரின் நெற்றியில் அது தானாக வந்து படிந்தது. கார் நிறுத்துகிற சண்டைகள் ஒழிந்தன. தேரிழுக்க ஆளில்லாமற் போனது ஒன்றுதான் குறை. பிறகு சிலைகள் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் மினிகாப் வாடகைக் காரில், சீற் பெல்ற் போட்டுக்கொண்டு போகத் தொடங்கின. லூநன்னாவுக்குப் பொன்னாடை போர்த்தி ஒரு விழா எடுத்தார்கள். அதில் அவர் ஓர் எச்சரிக்கை சொல்ல இருந்தார். சிலையின் கையில் ஒருபோதும் குடிக்கக் கோப்பை கொடுக்கக் கூடாது. அவர்கள் நாட்டில் கோப்பை வாங்கியவர் விருந்தாளி, விருந்தாளி என்றால் ஆள். அது ஆளானால் உடையவர் சிலையாக வேண்டியதுதான். ஆனால் அவரைப் பாராட்டிப் பலர் பேசியதில் மண்டபத்து நேரம் முடிந்துவிட்டது.

மோர்டனில் சிவனேஸ்வரி என்றொருவர் இருந்தார். பெற்றோல் ஸ்ரேசனில் கணக்கில்லாத ஷிப்ட் செய்து, புருசன் இல்லாமல் ஒரே மகன் றஜீவனைப் படிப்பித்தவர். றஜீவன் குரோய்டனில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் மனேஜர். ட்ராம் ஏறினால் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம்தான் அவனிடம் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுடைய சிலை வந்தது. தாய் அதன் முன்னால் நண்டுக்கறியும் சோறும் வைப்பார். குரோய்டனில் றஜீவனுக்கு ஏப்பம் வரும், போனில் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்புவான். தேத்தண்ணி மட்டும் அவர் வைப்பதில்லை. அது வீட்டுக்கு வந்த ஆளுக்குத்தான் என்பது அவருடைய கட்சி.

அவருக்கு இருதயத்தில் ஒப்பரேசன் என்று நாள் குறித்தார்கள். சிவனேஸ்வரிக்குப் பயமாக இருந்தது. பயத்தை மறைக்காமல் போனில் கேட்டார்.

"தம்பி, அண்டைக்கு நீ வாறியே? சிலை வேண்டாம், நீ வா."

"ஓம் அம்மா, வாறன். ஒரு மீற்றிங், முடிச்சிட்டு ஓடி வாறன்."

மயக்கம் தெளிந்து அவர் கண் திறந்தபோது கட்டிலருகே கதிரையில் சிலை இருந்தது. சிவனேஸ்வரி சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார். அழுது முடித்துத் திரும்பிப் பார்த்தால், அது கண் வெட்டாமல் அவரையே பார்த்தபடி இருந்தது. விடிந்ததிலிருந்து இருந்ததாகத் தாதி சொன்னாள். வந்த ஆளை வெறுங்கையோடு இருத்தி வைக்க எங்கள் பெண்களுக்கு ஏலாது, எவ்வளவு கோபமென்றாலும். தனக்கு வந்த தேத்தண்ணியை எடுத்து அதன் கைப்பக்கம் நீட்டினார்.

"நீதான் வந்தனி. இந்தா, குடி."

விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. கல்லுத்தூள் போர்வையில் உதிர்ந்தது. சிலை கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்தது.

"சீனி காணாது, அம்மா," என்றது.

அந்த நேரம் குரோய்டனில் றஜீவனின் கைகள் நெஞ்சில் கோத்துக்கொண்டன, கண்கள் விரிந்து நின்றன. மீற்றிங்கில் மற்றவர்களும் ஏறக்குறைய அப்படியே இருந்ததால், விளக்கணைக்க வந்தபோதுதான் தெரிந்தது. மினிகாப்பில் சீற் பெல்ற் போட்டு மோர்டனுக்குக் கொண்டுவந்தார்கள். லூநன்னா வந்து தட்டிப் பார்த்தார். செல்வரத்தினத்திடம் திரும்பி, "இதைத்தான் அண்ணை நான் விழாவிலை சொல்ல வந்தனான். நீங்கள் மைக் தரேல்லை," என்றார். பிறகு சிவனேஸ்வரியிடம், பயப்பட ஒன்றுமில்லை, இவன் கையிலும் ஒரு கோப்பை கொடுத்தால் எழும்பிவிடுவான் என்றார்.

"எழும்பினால்?" என்று கேட்டார் சிவனேஸ்வரி.

"வேலைக்குப் போவார், அம்மா."

சிலை இப்போது றஜீவனின் கோட்டைப் போட்டுக்கொண்டு ட்ராமில் குரோய்டனுக்குப் போய்வருகிறது. கண் வெட்டாமல் திரையைப் பார்ப்பதால் பதவி உயர்வும் கொடுத்துவிட்டார்கள். ஞாயிறுகளில் நேரத்துக்கே வந்து வெங்காயம் உரித்துக் கொடுக்கும். சிவனேஸ்வரி நண்டின் சதையை எடுத்து, சோற்றோடு குழைத்து, மேசையருகே இருக்கும் மகனுக்குத் தீத்திவிடுவார். தண்ணீரும் கரண்டியால்தான். பிறகு கேத்தில் போட்டு, சிலைக்குச் சீனி கூடப் போட்டு ஒரு தேத்தண்ணி, தனக்கொன்று. றஜீவனுக்கு அவர் இன்னும் ஊற்றவில்லை.