பெருநாள் தழுவல்

பெருநாள் தொழுகைக்குத் தக்பீர் கட்டும்போது தோளோடு தோள் உரசி வந்து நின்றது யாரென்று இம்தியாஸ் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தர் வாசனையே காட்டிக்கொடுத்துவிட்டது. அண்ணன் தஸ்தகீர், பெங்களூரிலிருந்து வந்திருக்கிறான். வேண்டுமென்றே இந்த வரிசைக்கு வந்திருக்கிறான். முன்னே முதுகு, பின்னே தலை. தொழுகையை விட்டு எங்கே நகர்வது?

அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று மூன்று வருஷம். சுரங்கக் குடியிருப்பான மைசூர் மைன்ஸ் லைனில் அத்தா விட்டுப்போன தகரக் கூரை வீட்டை விற்கவேண்டும் என்கிறான் தஸ்தகீர். அங்கே குடியிருக்கும் இம்தியாஸுக்கும் மனைவி முபீனாவுக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் வேறு கூரை கிடையாது. பங்காரப்பேட்டை ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவனை நம்பி எவன் வீடு கொடுப்பான்?

காலையில் முபீனா வாசலிலேயே மறித்துச் சொல்லியிருந்தாள். "இன்னா ஆனாலும் உங்க அண்ணனைத் தழுவாதீங்க. பெருநாளைக்குத் தழுவிட்டா வழக்கு தீந்துச்சும்பாங்க ஜமாத்துல. பழக்கடை காதர் பாய் கதி தெரியுமில்ல? தழுவுனப்பறம் அவர வாயே தொறக்க உடல."

குத்பா பிரசங்கம் முடிந்தது. ஈத்கா மைதானம் முழுக்க ஆட்கள் எழுந்து ஒருவரையொருவர் தழுவினார்கள். இம்தியாஸ் செருப்புத் தேடுகிற சாக்கில் குனிந்தான். ஜமாத் தலைவர் முத்தவல்லி பார்த்துவிட்டார்.

"இன்னாப்பா, அண்ணன் நிக்கிறாரு, நீ செருப்பு தேடுற? மாசம் பூரா நோன்பு புடிச்சது இதுக்குத்தானா?"

அவரோடு சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஒருவனும் வழி விடவில்லை. தஸ்தகீர் இரண்டு கையையும் அகல விரித்தான். பெருநாளில் விரித்த கையைத் தட்டியவன் வீட்டில் நாளை யார் பெண் எடுப்பார்கள்? இம்தியாஸ் போய் அந்தக் கைகளுக்குள் நின்றான்.

மூன்று முறை தழுவவேண்டும். முதல் முறை, "ஈத் முபாரக்டா தம்பி," எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. இரண்டாவது முறை, காதுக்குள்: "வீட்டை வாங்க ஆள் பாத்துட்டேன். அடுத்த மாசம் காலி பண்ணிரு. இத்தினி பேர் முன்னால ராசியாயிட்டோம், இனிமே ஜமாத்துல போய் அழுவாத."

மூன்றாவது முறை இம்தியாஸ் கையை எடுக்கவில்லை. தொழுத வாய் காய்வதற்குள் பொய் வந்தது.

"முத்தவல்லி சாப்! எல்லாரும் கேட்டுக்கங்க! நீயே வீட்டுல இருடான்றாரு எங்க அண்ணன்!"

"மாஷா அல்லாஹ்!" கூட்டம் முழங்கியது. நாலைந்து பேர் தஸ்தகீரின் முதுகில் தட்டினார்கள். அவன் மறுக்க வாயெடுத்தான். மூட்டை தூக்கிக் காய்த்த கை அவன் பிடரியைப் பிடித்து முகத்தைத் தோளில் அமுக்கியது.

"உடுடா... மூச்சு முட்டுது."

"ஆமான்னு சொல்லுண்ணே. உட்டுர்றேன்."

அண்ணன் திமிறினான். விட்டால் அந்த வாய் என்ன பேசும் என்று இம்தியாஸுக்குத் தெரியும். பிடித்திருக்கிற வரைக்கும்தான் வீடு.

"போதும்ப்பா, சேமியா ஆறிடப் போவுது," என்றார் முத்தவல்லி. இப்போது அவர் சிரிக்கவில்லை.

இம்தியாஸ் பிடியை இன்னும் இறுக்கினான்.