ஈரத்துணி

ஏகாம்பரம் ஸ்டூலின் மேல் ஏறி நின்று, தண்ணீரில் நனைத்த செய்தித்தாளைக் கிழித்துக் கிழித்து ஜன்னல் இடுக்கில் திணித்துக்கொண்டிருந்தார். மணி மூன்றுகூட ஆகவில்லை. வெளியே வானம் செங்கல் நிறமாகிவிட்டது. எதிர் பிளாக் குவார்ட்டர்ஸ் இருந்த இடமே தெரியவில்லை. மே மாதத்து ஆந்தி, புழுதிப் புயல். எங்கெங்கேயோ கிடந்த மணலையெல்லாம் வாரிக்கொண்டு வந்து டெல்லி ஆர்.கே.புரத்தின் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, சமையல் ரூம் பக்கமும் வருது!" மகள் பூங்கோதை கத்தினாள்.

"அந்தக் கதவ சாத்திட்டுக் கீழ ஈரத்துணியப் போடு. ஜல்தி!"

கட்டிலில் அவர் மனைவி சாந்தகுமாரி மூன்று தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான்கு நாட்களாக அவளால் படுக்க முடியவில்லை. மூச்சு விசில் சத்தத்தோடு உள்ளே போயிற்று. வெளியே வரத்தான் மறுத்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின.

இரண்டு வாரத்துக்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியபோது டாக்டர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். தூசி கண்ணில்கூடப் படக்கூடாது. இழுப்பு அதிகமானால் யோசிக்காமல் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும், இன்னொரு தடவை இருதயம் தாங்காது.

முதலாவதை ஏகாம்பரம் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் விளக்குமாற்றைக் கையால் தொடாத மனிதர், ஆபீஸுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். முதல் நாள் காலையில் அவர் பெருக்க ஆரம்பித்ததுமே சாந்தகுமாரி கையால் முகத்தை மூடிக்கொண்டு இருமினாள்.

"பெருக்காதீங்க... தூசிய எழுப்பி உடறீங்க. தொடைங்க."

அன்றிலிருந்து கட்டிலில் உட்கார்ந்தபடியே அவள் சொல்லச் சொல்ல அவர் கற்றுக்கொண்டார். எப்போதும் மேலேயிருந்து கீழே வர வேண்டும். கீழே துடைத்துவிட்டு மேலே கைவைத்தால் அதே வேலை இரண்டு தடவை. ஃபேன் இறக்கையில் பழைய தலையணை உறையை மாட்டி இழுத்தால் அழுக்கு முழுவதும் உறைக்குள்ளேயே விழுந்துவிடும், ஒரு பொட்டு கட்டிலில் சிந்தாது. இரண்டு பக்கெட் வேண்டும், ஒன்று நனைக்க, ஒன்று பிழிய. பினாயில் வாசனை அவளுக்கு ஆகாது; வெந்நீரில் ஒரு ஸ்பூன் சோடா உப்பு போதும். உள் மூலையில் ஆரம்பித்துப் பின்னாலேயே நகர்ந்து வாசலில் முடிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் அவர் துடைத்த தரையைப் பார்த்து அவள் சிரித்தாள். "இத்தன வருஷமா இந்தக் கைய எங்க ஒளிச்சி வெச்சிருந்தீங்க?" என்றாள். அந்த ஒரு சிரிப்புக்காக அவர் நாளைக்கு நான்கு தடவை துடைத்தார். திரைச்சீலைகளைக் கழற்றிப் போட்டார். பஞ்சுப் போர்வைகளான ரஜாய்களைக் கீழ் வீட்டு வேதாந்தத்திடம் கொடுத்துவிட்டார். துடைக்கத் துடைக்க அவள் பிழைத்துக்கொள்வாள் என்று நம்பினார்.

கரண்ட் போயிற்று. ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது.

சாந்தகுமாரியின் வாய் அகலத் திறந்தது. உதடு நாவல்பழம் தின்றதுபோல் கறுத்திருந்தது. பூங்கோதை ஓடி வந்து பார்த்தாள்.

"அப்பா, அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்."

"இந்தக் காத்துலயா?"

பூங்கோதை துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தாள். திறந்த அந்த ஒரு நொடியில் ஒரு மரக்கால் மண் உள்ளே வந்து விழுந்தது. ஏகாம்பரம் பாய்ந்து கதவைச் சாத்தி, மண்டியிட்டு, ஈரத்துணியால் அதை ஒற்றி ஒற்றி எடுத்தார்.

கால் மணி நேரத்தில் கீழே டாக்ஸி ஹாரன் கேட்டது. பூங்கோதை மேலே ஓடி வந்தாள். இமை, புருவம், தலைமுடி எல்லாம் மண்.

"டாக்ஸி சர்தார்ஜி கீழ நிக்கிறாரு. வேதாந்தம் மாமாவும் வராரு. நாற்காலில உக்கார வெச்சி எறக்கிடலாம்ப்பா."

"ரெண்டு மாடி எறங்கணும். டாக்ஸிக்குள்ள எல்லாம் தூசிதாம்மா. நம்மளாலயே மூச்சு விட முடியல, அவ எப்படித் தாங்குவா? அரமணி நேரம். காத்து அடங்கட்டும்."

"அரமணி நேரம் அம்மா தாங்குவாங்களா?"

ஹாரன் மறுபடியும் அடித்தது. ஏகாம்பரம் மனைவியின் பக்கம் குனிந்தார்.

"சாந்தா, போலாமா? காத்து நிக்கட்டுமா?"

அவளால் பேச முடியவில்லை. கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். வலது கை படுக்கையிலிருந்து நாலு விரற்கடை எழும்பி அசைந்து விழுந்தது.

"பாத்தியா, வேணாங்கிறா" என்றார் ஏகாம்பரம்.

"வேணாம்னு சொல்லல. கூப்பிடறாங்க. அப்பா, ப்ளீஸ்!"

"எனக்குத் தெரியாதா அவள?"

பூங்கோதை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து தாங்கிப் பிடித்துக்கொண்டாள். ஏகாம்பரம் இரண்டு பக்கெட்டையும் இழுத்து வைத்துக்கொண்டு துடைக்கத் தொடங்கினார். கட்டில் சட்டம், ஜன்னல் விளிம்பு, அலமாரி. துடைத்த இடத்தில் கையெடுப்பதற்குள் மறுபடியும் மெல்லிய மஞ்சள் படலம். மேலே கீழே என்ற முறையெல்லாம் மறந்துபோய், கண்ட இடத்தைத் துடைத்தார். பக்கெட்டுத் தண்ணீர் சேறாயிற்று. "இதோ, இதோ ஆச்சு சாந்தா" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். முழங்கால் தோலுரிந்தது தெரியவில்லை. விசில் சத்தம் குறைந்து வருவது மட்டும் தெரிந்தது. காலையில் கொடுத்த மருந்து இப்போதுதான் வேலை செய்கிறது என்று நினைத்தார்.

"அப்பா" என்றாள் பூங்கோதை.

அவர் கட்டில் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, போதும்."

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். சாந்தகுமாரியின் தோள்கள் கீழே இறங்கியிருந்தன. நாலு நாளில் முதல்முறையாக அவை அசையாமல் இருந்தன.

வேதாந்தம் மேலே வந்து, நாடி பார்த்து, தலையைக் குனிந்துகொண்டார். அவர் பின்னாலேயே சர்தார்ஜியும் வந்திருந்தார். தூக்குவதற்குத் தயாராகச் சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தவர், அதை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். சற்று நேரத்தில் காற்று விழுந்தது. பெரிய பெரிய துளிகளாகப் பத்து நிமிஷம் மழை பெய்தது.

மறுநாள் யமுனைக் கரையில் ஏகாம்பரமே கொள்ளி வைத்தார். மகன் இல்லை. ஊரிலிருந்து யாரும் வந்து சேர நேரமில்லை. ஆபீஸ்காரர்கள் நாலைந்து பேர் வந்து, தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். நேற்று மதியத்திலிருந்து பூங்கோதை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அழவும் இல்லை.

வேதாந்தம் அவரைக் கைத்தாங்கலாகப் படியேற்றிக் கொண்டுவந்தார். "நீங்க போங்க, நான் காபி அனுப்பறேன்" என்று கீழே இறங்கிப் போனார். பூங்கோதை வாசற்படியில் ஒரு பக்கெட் தண்ணீரும் சொம்புமாக நின்றிருந்தாள். உள்ளே வீடு கழுவியிருந்தது.

"காலக் காட்டுங்க."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கிக் காட்டினார். அவள் மொண்டு ஊற்றினாள். சாம்பலும் ஆற்றுச் சேறும் கரைந்து ஓடின.

"கோதை... டாக்ஸி வந்தப்பவே எறக்கியிருந்தா..."

அவள் இன்னொரு சொம்பு ஊற்றினாள். பிறகு குனிந்து, அவருடைய விரலிடுக்கில் ஒட்டியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் தேய்த்தாள். மறுபடியும் ஊற்றினாள். பக்கெட்டின் அடியில் சொம்பு உரசியது.

"இருங்க. இன்னும் தண்ணி கொண்டாறேன்" என்று உள்ளே போனாள்.

ஏகாம்பரம் தூக்கிய காலை இறக்காமல் அப்படியே நின்றார். தண்ணீர் படிப்படியாக வழிந்து கீழ் மாடியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.